துளைகளில் இறங்கிய மெழுகு

அக்கா புருஷன், என் அத்தானின் மெஷினில் டிரில் பிட்டுகள் வரிசையாக நிற்கும். காலால் மிதியை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பலகைக்குள் இறங்கும். இப்போது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டரே அளவு பார்த்துத் துளை போடுகிறது. ஆள் தள்ளி நின்று டீ குடிக்கிறான். எழுபதுகளில் அந்த அளவெல்லாம் அத்தானின் கண்ணில்தான் இருந்தது. மனுஷன் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருப்பார், வேலை மட்டும் பேசும்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு அனகாபுத்தூரில் பட்டறை போட்டபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். முதல் பெரிய ஆர்டர், தாம்பரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு அலமாரிகள். இதில் பெயர் கெட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகைகள் அவை. துளையில் பசை தடவி மரமுளையைச் செருகி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் டீயில் விழுந்த ரஸ்க்தான்.

துளை போட்டு முடித்த சமயம் பெருமழையில் அடையாறு கரை புரண்டது. அத்தான் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனார். பட்டறையில் அக்காவும் நானும்தான். பலகைகளை மேசைமேல் ஏற்றியும் பயனில்லை, கூரை ஒழுகியது. நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா பைத்தியம் பிடித்தவள்போலச் சுற்றினாள். "ஓட்ட வழியாத்தான்டி தண்ணி உள்ள போவும்" என்றவள், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய மெழுகுவர்த்திகளை ஸ்டவ்வில் உருக்கி ஒவ்வொரு துளையிலும் ஊற்றினாள். விரலெல்லாம் கொப்புளம். ஆண்டவரே ஆண்டவரே என்று வாய் ஓயவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அத்தான் பலகைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு துளையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. மெழுகு ஏறிய இடத்தில் பசை பிடிக்காது. சுரண்டினார், மெழுகு ஆழமாக ஊறியிருந்தது. பெரிதாகத் துளைத்தால் பலகை உதிர்ந்தது. புதுப் பலகைக்கு வழியில்லை. வேறு கதியின்றி அப்படியே பூட்டி, ஆணியும் அடித்துக் கொண்டுபோனோம். ஹாஸ்டல் வராந்தாவில் இறக்கும்போதே முதல் அலமாரி பக்கம் பக்கமாகப் பிரிந்து விழுந்தது.

வார்டன் அம்மா குனிந்து துளையை நகத்தால் கீறினார். "மெழுகா? எந்த மடையன் வேலை இது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முன்னால் வந்துவிட்டார். "நாந்தாம்மா. தெரியாம பண்ணிட்டேன்." தொழில் தெரியாதவன் என்று சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மா அவரைக் கிழித்தார். அவர் தலை நிமிரவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா தேம்பினாள். "எம்மேல சொல்லியிருக்கலாமே. உங்க பேரு போச்சே."

அத்தான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோ தண்ணியிலயும் ஒரு பலககூட உப்பல, பாத்தியா" என்றார்.

பட்டறை போயிற்று. மெழுகு வைத்தவன் என்ற பேச்சு பல்லாவரம்வரை பரவி, எவனும் அவரை மெஷின் பக்கம் சேர்க்கவில்லை. மரக்கடையில் பாரம் சுமந்தே அவர் காலம் முடிந்தது. தன் வேலைதான் அது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள், ஒருவரும் நம்பவில்லை.