மூன்றாவது கட்டத்தைச் சொல்லக் கூடாது

போன சித்திரையில் ஒரு காலை, அருப்புக்கோட்டையில் நடந்தது இது. மோட்டார் பம்பு விற்கும் கடை எனக்கு. கடை திறக்கும் முன்னால், எதிர்த்த டீக்கடையில் நாங்கள் சில கடைக்காரர்கள் கூடுவோம். அங்கே வாங்குவது ஒரே பேப்பர். தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். அரசியல் தாளை யாரும் சீண்ட மாட்டார்கள். அடிதடியெல்லாம் கடைசித் தாளுக்குத்தான்.

அதன் அடியில் மூன்று கட்டமாக ஒரு படக்கதை வரும். எந்நேரமும் குடையோடு அலையும் ஒரு வழுக்கைத் தலையர். கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும் அவருடைய ஆடு. அவ்வளவுதான். வரைந்தவர் காலமாகி வெகு நாளாகிவிட்டது. பழையதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அரைக்கால் சட்டை போட்ட வயதில் நான் பார்த்ததெல்லாம் மறுபடி வருகிறது. மழை எட்டிப் பார்க்காத எங்கள் பக்கத்தில், குடையும் கையுமாக வானத்தை அண்ணாந்து பார்க்கிற ஆளைப் பிடிக்காமல் போகுமா? எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முதலில் படித்தவர் மூன்றாவது கட்டத்தில் என்ன வருகிறது என்று சொல்லக் கூடாது. சிரித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு நான் முந்திக்கொண்டேன். முதல் கட்டத்தைப் பார்த்திருப்பேன், நெஞ்சின் இடது பக்கம் சுருக்கென்றது. செல்போனில் மாரடைப்பு வீடியோக்களாகப் பார்த்து ஏற்கெனவே பாதி டாக்டராகியிருந்தவன் நான். உடனே வேர்த்துவிட்டது.

ஜெராக்ஸ் கடை நண்பன் பைக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அவன் முதுகில் சாய்ந்தபடி வழியெல்லாம் உயில் சொன்னேன்.

"திருச்சுழி நிலத்தை மட்டும் விக்க வேணாம்னு எம் மகள்ட்ட சொல்லிரு..."

"ஏலே, அதைச் சும்மா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான். பேசாம வா!"

வாசலில் இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டு, தழுதழுத்த குரலில் பிரியாவிடை சொன்னேன். "டீக்கடையில எத்தனை வடை தின்னீக?" என்றாள்.

படுக்கவைத்து நெஞ்செல்லாம் ஒயர் மாட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் வீரசோழன் கிராமத்திலிருந்து வந்த பாய் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு நிஜமாகவே இதய அடைப்பு. மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார். பாய் சத்தமே இல்லாமல் படுத்திருந்தார். வார்டே அதிர "ஐயோ அம்மா" போட்டது நான் ஒருத்தன்தான்.

அப்போது எங்கள் டீக்கடைக் கூட்டத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வந்தார். கல்லாவை விட்டு எழுந்திரிக்காத மனிதர்! என் மேல் இத்தனை பாசமா என்று கண் கலங்கிவிட்டது.

"ஏப்பா, தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது. அந்தத் தாளு எங்க?"

பார்த்தால், தாள் என் முஷ்டிக்குள் கசங்கிக் கிடக்கிறது. அதோடேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன்.

பாய் தலையைத் திருப்பினார். "குடைக்காரரா? இங்கிட்டுக் காட்டுங்க."

அண்ணாச்சி தாளை நீவி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முதல் கட்டத்தில் குடையை மரத்தில் சாய்த்துவிட்டு ஆள் தூங்குகிறார். இரண்டாவதில் வானம் கறுக்கிறது. மூன்றாவது கட்டத்தைப் பாய் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இதைப் பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே பாத்திருக்கேன். ஆடு குடைத்துணியைத் தின்னுப்புடும். இவரு வெறும் கம்பியைத் தூக்கி, ஆடு நனையாம இருக்கணும்னு அதுக்கு மேல பிடிச்சுக்கிட்டு நிப்பாரு."

"சொல்லிட்டீகளே பாய்!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். பாய் கையை எடுத்தார். அச்சு அசலாக அதே படம். அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; நானும் சிரித்துவிட்டேன். பாயின் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் ஓடி வந்தார். "இ.சி.ஜி. எடுக்கையில யாரு சிரிச்சது? கோடெல்லாம் தாறுமாறாப் போயிருக்கு. அசையாம படுங்க, மறுபடி எடுக்கணும்."

மறுபடியும் பயம் வந்துவிட்டது. பாய் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. மூச்சை மெதுவா விடுங்க." அவர் கை சில்லென்று இருந்தது, லேசாக நடுங்கியது. ஆனாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

அவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது, அந்தத் தாளுக்காகவே ஓடி வந்த அண்ணாச்சி அதை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். டீக்கடையில் மற்றவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. "நாங்க சமாளிச்சுக்கிறோம். நீங்க நல்லபடியாத் தேறி எங்க டீக்கடைக்கு வாங்க பாய்" என்றார்.

எனக்கு வந்தது வெறும் வாயு. டாக்டரும் வடைக் கணக்குத்தான் கேட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, வீரசோழன் பஸ்ஸிலிருந்து மெலிந்துபோய், மனைவியின் தோளைப் பிடித்தபடி பாய் இறங்கினார். விசாரித்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைய கடைசித் தாளை யாரும் கேட்காமலேயே அண்ணாச்சி அவரிடம் நீட்டினார்.

இப்போதும் நெஞ்சு சுருக்கென்றால் நான் உயில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். ஆனால், தானும் நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த மனிதரைப் பார்த்த பிறகு, பயம் இருக்கும்போதும் பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கவைக்க முடியும் என்பது மட்டும் எனக்கு மறப்பதே இல்லை.