மூன்று முறை அடித்த பக்கம்

கனடாவில், மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியேறிய புதிதில், அனுசூயா தன் கணவர் சந்திரமௌலியின் புத்தகம் முழுவதையும் டைப் அடித்துக் கொடுத்தாள். ஐம்பதுகளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த தேர்தல்களைப் பற்றிய நானூறு பக்கம். பேராசிரியரான அவர் திருத்திக்கொண்டே இருப்பார். அவள் மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டே இருப்பாள்.

இன்று மொன்றியலில் மாநகரத் தேர்தல். வாக்குச்சாவடி இரண்டு தெரு தள்ளித்தான். எழுபத்தாறு வயது அனுசூயா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றால், மனிதர் போர்வைக்குள் கிடக்கிறார்.

"வெளியில மழை. என் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுது? நீ போயிட்டு வா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவி, ஆறாம் அத்தியாயத்தைப் பிரித்து அவர் மேல் போட்டாள். மழைக்குப் பயந்து ஓட்டுப் போட வராத விவசாயிகளை அவர் கிழி கிழியென்று கிழித்திருந்த பக்கம். சூடு போதவில்லை என்று மூன்று முறை மாற்றி அடிக்கச் சொன்ன பக்கம்.

"சத்தமாப் படிங்க."

"அது ஆராய்ச்சி, அனு. அதையும் இதையும் ஏன் போட்டுக் குழப்பற?"

"ஆராய்ச்சியா? அதை நம்பித்தான் இந்த ஊர்ல ஒரு தேர்தல் விடாம ஓட்டுப் போட்டுட்டு வர்றேன். முட்டி வீங்கிக் கிடந்த வருஷம்கூடப் போனேன். உங்க புத்தகத்தைப் படிச்சுத் திருந்தினது உலகத்துலேயே நான் ஒருத்திதான்."

சந்திரமௌலி போர்வையை விலக்கிக் காலுறையைத் தேடினார்.

"எனக்காக ஒண்ணும் வர வேண்டாம்," என்றாள் அனுசூயா, குடையை எடுத்துக்கொண்டே. "அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்க. மழை பெஞ்சா வீட்டுலேயே கிடக்கலாம்னு மாத்தி, நாலாவது தடவையும் நானே அடிச்சுத் தர்றேன்."