பிலோ அக்கா பார்த்துத் தந்த சைக்கிள்கள்

செய்தியைச் சொன்னவர் ஹனீபா நானா. காலையில் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அழைப்பு வந்தது. ஸலாத்தோடும் சிரிப்போடும் பேச்சைத் தொடங்குகிற மனுசன் அன்றைக்கு மூச்சை இழுத்துவிட்டுத்தான் பேசினார். "தம்பி, நம்மட பிலோ தங்கச்சி போயிட்டாவாம். விடிய ஒழும்பல்லையாம். தன்னாமுனை வீட்டிலிருந்து இப்பதான் சொன்னாங்க."

"பிலோ அக்காவா, அவட மனுசனா? வடிவாக் கேட்டீங்களா நானா?" என்றேன். அவரை அறிந்த எவரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நாங்கள் இத்தனை காலமும் பயந்துகொண்டிருந்தது அவருடைய கணவர் மரியநாயகம் அண்ணனுக்காகத்தான். நெஞ்சு வருத்தம் வந்து தப்பியவர், கதிரையை விட்டு எழும்பாதவர் அவர். பிலோ அக்காவோ தினமும் விடிய வாவிக்கரையோரம் சைக்கிள் ஓடுகிறவர். "மரியநாயகம் நல்லா இரிக்கார். இவதான்" என்றார் நானா. கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிலோமினா என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மட்டக்களப்பு நகரில் அவரும் ஹனீபா நானாவும் நானும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். அலுவலக வேலையை அவர் குறைவில்லாமல் செய்தார், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களில் யார் வீட்டில் சைக்கிள் வாங்குவதென்றாலும், உடற்பயிற்சிக்கு ஒரு மெசின் வாங்குவதென்றாலும், பொம்பிளை பார்க்கப் போகிறவர்கள் தாய்மாமனை அழைத்துப் போவது போல அவரை அழைத்துக்கொண்டுதான் போவோம். அவருக்குச் சைக்கிள் திருத்தத் தெரியாது. சங்கிலி கழன்றால் நடுரோட்டில் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவார். அடக்கமான பெண் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் சிரித்தால் அடுத்த கட்டடத்தில் கேட்கும். வீட்டில் யார் எதில் ஏறுவார், யார் ஏறமாட்டார் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வித்தை.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மனைவி சாந்திக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது, உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாந்தி பாலர் பாடசாலை ஆசிரியை. ரோட்டில் இறங்கி நடந்தால் ஒவ்வொரு படலையிலும் "எங்க போறீங்க ரீச்சர்?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பதில் சொல்லியே களைத்துப்போவதாகச் சொல்லி, இரண்டே நாளில் நடையை நிறுத்திவிட்டாள். அதற்காகச் சைக்கிள் வாங்குவோம் என்று நான் புறப்பட்டேன். கடையில் ஒன்றைக் கண்டும் வைத்திருந்தேன். மொத்தமான டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், எண்ணி முடியாத கியர், சிவப்பும் கறுப்புமாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

"அது ஆருக்குத் தம்பி?" என்று பிலோ அக்கா கேட்டார். "வீட்டுக்குத்தான் அக்கா" என்றேன். "வீட்டில ஆருக்கு?" என்றார். நான் மேசையிலிருந்த கோவையைப் புரட்டினேன். "கடைக்குப் பிறகு போவம். முதல்ல வீட்டுக்கு வாறன்" என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் தேத்தண்ணி குடித்தார், சைக்கிள் நிற்கப்போகிற இடத்தைப் பார்த்தார், மழை அடிக்குமா என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னையும் சாந்தியையும் மகளையும் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, பாடசாலைப் பிள்ளைகளைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். "இதில ஆரு ஏறமாட்டன் எண்டு நிக்கிற ஆள்?" என்று கேட்டார். நானும் மகளும் சாந்தியைக் காட்டினோம். "அப்ப அவக்குத்தான் சைக்கிள். ஆசப்படுற ஆள் எதிலயும் ஏறும். ஏறமாட்டன் எண்டுற ஆளுக்குப் பாத்து வாங்கினாத்தான் முழுக் குடும்பமும் ஓடும்." சாந்தி ரோட்டில் கேள்வி கேட்கிறவர்களைப் பற்றி முறையிட்டாள். அக்கா சிரித்தார். "சைக்கிள்ள போனா அவங்க கேட்டு முடிக்கக்க நீ அங்கால போயிருவாய்கா. அதுக்குத்தான் சைக்கிள்."

கடையில் நடந்ததை அந்தக் கடைக்காரத் தம்பி இன்னும் மறந்திருக்கமாட்டான். கியர் சைக்கிளை அவன் உருட்டிக்கொண்டு வந்ததும், "இந்த ஊரில ஏத்தம் எங்க இரிக்கி மகன்?" என்று கேட்டார். "கல்லடிப் பாலத்த விட்டா எல்லாம் தட்டத்தரை. இத்தின கியரையும் வச்சு என்ன செய்யிற? இந்த ஸ்பிரிங்க நம்மட உப்புக்காத்து ரெண்டு மாரிக்குள்ள திண்டிரும்." உள்ளே போய்த் தானே ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். கியர் இல்லை. நடுக்கம்பி தாழ்வாக வளைந்தது. பின்னால் கரியர், முன்னால் கூடை. விலை நான் பார்த்துவைத்ததில் பாதிக்கும் குறைவு. "சாறியோடயும் ஏறணும், சாரனோடயும் ஏறணும்" என்று சொல்லி, சாறித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிரதான வீதியில் ஏறிவிட்டார். கல்முனைப் பஸ் ஒன்று நீளமாக ஹோன் அடித்தது. அக்கா ஒரு கையை விட்டு அதற்கும் கை காட்டினார். சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம்.

கடைசியாக ஒரு வேலை மட்டும் செய்யச் சொன்னார். சீட்டுக்குக் கீழே இருந்த நட்டைக் கழற்றி, கையால் திருப்புகிற பிடி ஒன்றைப் போடவைத்தார். 'டக்' என்று திறந்தால் சீட் ஏறும், இறங்கும், 'டக்' என்று மூடினால் நிற்கும். "ஸ்பானர் தேடுற வீட்டில ஒருத்தர்தான் ஓடுவார்" என்றார். பிறகு சைக்கிளைத் தரும்போது எல்லாருக்கும் சொல்கிற அந்தச் சட்டத்தை எங்களுக்கும் சொன்னார். அக்காவை அறிந்த உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். "இறங்கிற ஆள் தன்ட உயரத்தில விட்டுப்போட்டுப் போகப்படாது. அடுத்து ஏறுற ஆளின்ட உயரத்துக்கு வச்சுப்போட்டுத்தான் போகணும். சீட் சரியா இரிந்தா, அவங்கட மனசு 'ஏறு' எண்டும்."

சாந்தி ஏறினாள். சந்தைக்கு, பாடசாலைக்கு, பிறகு காரணமே இல்லாமல் கடற்கரைக்கு. சீனி இறங்கியது. இப்போது சைக்கிள் என் கைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

காத்தான்குடியில் ஹனீபா நானா வீட்டில் நடந்தது இன்னொரு கூத்து. கட்டாரில் இருந்த மகன் காசு அனுப்பி உம்மாவுக்கென்று நடக்கிற மெசின் ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தார். நானாவின் மனைவி, எங்கள் றாத்தா, அதில் ஒரு கிழமை நடந்தார், அவ்வளவுதான். அதை விற்றுவிட்டு வேறு ஏதாவது மலிவாக எடுக்கலாமா என்று கேட்கத்தான் நானா அக்காவை அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். மெசின் முழுவதும் உடுப்பு. கைபிடியில் சாரன், முகப்பில் பள்ளிக்கூடச் சட்டை, நடக்கிற பட்டியின் மேல் தலையணை உறைகள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானா, ஒரு சாமானும் வாங்க வேணாம். வாங்கிற எண்டா ஒரு கொடிக்கயிறு வாங்குங்க."

பிறகு மெசினைச் சுற்றி வந்து பார்த்தார். அது சுவரைப் பார்த்தபடி நின்றது. "சுவரப் பாத்துக்கொண்டு ஆரு நடக்கிற? எனக்கெண்டா விசர் பிடிக்கும்" என்று சொல்லி, எங்கள் இருவரையும் தூக்கவைத்து, ஆட்கள் போய்வருகிற ஒழுங்கைப் பக்கத்து ஜன்னலுக்கு நேரே அதைத் திருப்பிவைத்தார். செலவு ஒரு கயிறும், அன்றைக்கு எனக்கு வந்த முதுகுப்பிடிப்பும்தான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு றாத்தா இன்றைக்கும் நடக்கிறார். "யார்ர வீட்டுக்கு என்ன மீன் வந்த, யார்ர வீட்டுக்கு மாப்பிள்ள வீட்டார் வந்த, எல்லாம் மெசின்ல நிண்டே அவக்குத் தெரியிது. எங்களுக்குத்தான் செய்தி கேட்டுக் களைக்கிது" என்பார் நானா.

ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டில்தான் ஒன்றும் பலிக்கவில்லை. மரியநாயகம் அண்ணன் ஒரு காலத்தில் கொழும்புப் பஸ் ஓட்டியவர். வாசல் நிலை தலையில் இடிக்கிற உயரம். நெஞ்சு வருத்தம் வந்த பிறகு மெதுவாக ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார்கள். அக்கா வாங்கிக் கொடுத்த இரும்புக் குண்டுகள் வாவிக் காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்து நின்றன. துள்ளிக் கயிறடிக்கிற கயிற்றில் ஆடு கட்டியிருந்தது. பழசாக எடுத்த, நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிளில் அண்ணனுடைய துவாய் காய்ந்தது. கொடிக்கயிறு அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது, அதுவும் உதவவில்லை. "நான் ஸ்டியரிங் பிடிச்சவன் பிலோ. பெடல் மிதிக்கிற ஆளில்ல" என்பது அவருடைய ஒரே பதில்.

"அண்ணனுக்கு எப்ப அக்கா சாமான் பாக்கிற?" என்று நாங்கள் சீண்டுவோம். "என்ட மனுசனுக்கு ஏத்த சாமான் இன்னும் கடைக்கு வரல்ல" என்று அவரும் சிரிப்பார். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் மட்டும் சிரிக்காமல் சொன்னார். "பயமா இரிக்கி தம்பி. எனக்கு முதல் போயிருவாரோ எண்டு. அவர் இல்லாத வீட்டுக்குள்ள நான் ஆரோட சண்ட பிடிக்கிற?"

அதற்குப் பிறகு அவர் அண்ணனுக்காக எதையும் வாங்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. ஒன்று மட்டும் செய்தார். விடிய ஓடிவிட்டு வந்து இறங்கியதும், தன் சைக்கிளின் சீட்டை அண்ணனுடைய உயரத்துக்கு ஏற்றிவைப்பார். அடுத்த நாள் விடிய, யாரும் தொடாத அதைத் தன் உயரத்துக்கு இறக்கி, ஓடிவிட்டு வந்து, மறுபடி ஏற்றுவார். ஒரு நத்தார்ப் பண்டிகை விடுமுறையில் அங்கே தங்கியபோது இதைக் கண்டேன். "ஏனக்கா இந்த வீண்வேல?" என்று கேட்டேன். "சட்டம் சட்டம்தானே. அடுத்த ஆள் அவர்தான். ஏறாதது அவர்ர பாடு, வைக்கிறது என்ட பாடு" என்றார்.

அடக்கத்துக்குப் போனபோது அந்தச் சைக்கிள் விறாந்தையில் நின்றது. சீட் உயரத்தில் இருந்தது. அண்ணன் அதே கதிரையில் இருந்தார். சாந்தி அருகில் போய் நின்றதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடினவ போயிட்டா. இரிந்தவன் இரிக்கிறன். என்னத்துக்கு மறுகா இந்தச் சைக்கிளும் மெசினும்?" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. அக்கா இத்தனை வருடமாகச் சொன்னதையெல்லாம் ஒரே வசனத்தில் பொய்யாக்கிவிட்டாரே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த சாந்தி சைக்கிளைத் தொடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், "பிலோ அக்கா ஓடல்லையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லாரும் தன்னாமுனைக்குப் போனோம். கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என் கண் நேரே விறாந்தைக்குப் போனது. சீட் கீழே இருந்தது. பிலோ அக்காவின் உயரத்தில், அவர் விடிய வந்து ஏறுவதற்கு ஆயத்தமாக இருந்தது. யாரோ பிள்ளைகள் எடுத்து ஓடியிருக்கிறார்கள் என்று நினைத்து, "அண்ணன், சைக்கிள ஆரு எடுத்த?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் மரியநாயகம் அண்ணன். "இண்டைக்கு வெள்ளென எடுத்தன். கோயிலடி வரைக்கும் ஓடினன். வரக்க தள்ளிக்கொண்டுதான் வந்தன். நடுரோட்டில மாடு. பெல் அடிச்சா ஒண்டும் விலகுதில்ல. பஸ்ஸெண்டா விலகியிரிக்கும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவரே தொடர்ந்தார். "ஒவ்வொரு நாளும் விடிய அவ சீட்ட இறக்கிற அந்த 'டக்'குக்குத்தான் எனக்கு நித்திர முறியிற. அது கேக்காம ஒழும்ப ஏலாமப் போச்சு. சும்மா போய் இறக்குவமா எண்டு பாத்தன். ஓடாம இறக்கினா அது கள்ளம். அவ விடமாட்டா. அதால முதல்ல ஓடினன். ஓடிப்போட்டு, அடுத்த ஆளுக்கு இறக்கி வச்சன்." சைக்கிளைப் பார்த்தபடி, "அடுத்த ஆள் அவதானே?" என்றார்.

சாந்தி விம்மினாள். ஹனீபா நானா, "அப்ப நாளைக்கும் ஏத்தி இறக்கணுமே மரியநாயகம்?" என்றார். "ஓம் நானா. இப்பதான் விளங்குது, மனுசி தினமும் எவ்வளவு வேல பாத்திரிக்கா எண்டு" என்றார் அண்ணன். முதலில் நானா சிரித்தார், பிறகு அண்ணன், பிறகு நாங்கள் எல்லாரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தனை பேரும் சிரித்த சத்தத்துக்கு, குசினியில் நின்றவர்கள் அகப்பையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். பிலோ அக்காவின் வீட்டுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல.

அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் பார்த்துத் தந்த ஏதோ ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது துருப்பிடித்தும் இருக்கும், எண்ணெய் போடுங்கள். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் அப்படியே விட்டுவிட்டுப் போக என் கை விடுவதில்லை. ஒரு கணம் நின்று, அடுத்து ஏறப்போகிறவரை நினைக்கவைக்கிறது. தன்னாமுனையிலிருந்து வந்த அன்று பின்னேரம் நான் கடற்கரை வரை ஓடிவிட்டு வந்து, பிடியைத் திறந்து, சீட்டைச் சாந்தியின் உயரத்துக்கு இறக்கி, மூடினேன். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த சாந்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் துருவுவதை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. மறுநாள் விடிய நான் கண் விழித்தபோது சைக்கிளைக் காணவில்லை.