பாதியில் நின்ற ஒரு சுற்று

சூடேறிய டயர் வாசனையும் காலி அட்டைப்பெட்டியின் பசை வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். மதினியின் துப்பட்டாவில் ஒரு மாதம் முழுக்க அந்த வாசனைதான்...

எங்களுக்குச் சிவகாசியில் லாரி செட். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு லோடுக்கு நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டுவிடும். செட்டும் வெறிச்சோடிக் கிடக்கும்.

அந்தக் காலி இடத்தில்தான் நானும் மதினியும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டப் பழகினோம்.

கார், மதினியின் வீட்டுக்காரரான என் அண்ணனுடையது. நல்ல சீசன் ஒன்றில் பவுசுக்கு வாங்கினார். இரண்டே சீட்டு, தரையைத் தடவிக்கொண்டு போகும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் உரசுவது கார், வலிப்பது அண்ணனுக்கு. நாலு கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போனதோடு உறை போட்டு மூடி நிறுத்திவிட்டார்.

மதினிதான் ஒருநாள் அந்த உறையை உருவினார்.

"ஏட்டி செல்வி, வாரியா? ஒரு ரவுண்டு போவம்."

நாங்கள் பழகியது ஆட்டோகிராஸ். அது வேறொன்றுமில்லை. கூம்புகளை நிறுத்தி வைத்து, எதையும் தட்டாமல் வளைந்து வளைந்து, யார் சீக்கிரம் ஓட்டி முடிக்கிறார்கள் என்று பார்ப்பது. கூம்புக்கு எங்கே போக? பிரிண்ட் பிசகிய பட்டாசு கிஃப்ட் பெட்டிகளை அடுக்கினோம். முதல் வாரம் ஒரு பெட்டியும் உருப்படியாக மிஞ்சவில்லை.

"பெட்டியப் பாத்தா பெட்டியிலதான் போயி முட்டுவோம். போக வேண்டிய எடத்தப் பாருட்டி. பிரேக்க நேரா போகும்போதே புடிச்சிரு, வளைவுக்குள்ள போயி புடிக்காத."

"இம்புட்டும் எங்கன படிச்சீக மதினி?"

"பாதி வீடியோவுல. மீதி நசுங்குன பெட்டியில."

இரண்டாவது கியரில் சிரித்துக்கொண்டே போகிற மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததே அந்தக் காருக்குள்தான் என்று பிற்பாடு தோன்றியது.

மார்கழி பிறந்ததும் அண்ணன் சொல்லிவிட்டார், பொங்கலுக்குள் காரை விற்றுவிடப் போவதாக. ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. மதினி சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கோயம்புத்தூர் பக்கம் ரேஸ் டிராக்குல நம்ம வண்டிய ஓட்ட விடுற டிராக் டே நடக்குதாம். நிக்காம முழுசா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துருதேன். அதுக்கப்புறம் குடுத்துருங்க."

போனோம். மதினி ஓட்ட, நான் பக்கத்தில். இருவர் தலையிலும் இரவல் ஹெல்மெட். முதலில் பயிற்சியாளரின் காருக்குப் பின்னால் மெதுவாகப் போய் வழி பழகிக்கொண்டோம். அடுத்ததுதான் டைம் எடுக்கும் சுற்று. மதினி கிளம்பினார். முதல் வளைவு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது அதைவிட அழகு. நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது...

அப்போது முன்னால் போன காரின் சைலன்சர் வெடித்தது. பட்... பட்பட்டென்று, கொஞ்சம் நெருப்போடு. அந்த மாதிரிக் கார்களில் ஆக்சிலேட்டரை விட்டால் அப்படித்தான் கேட்குமாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மதினிக்குச் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. அவர் அப்பா அங்கே சின்னதாகப் பட்டாசு யூனிட் வைத்திருந்தவர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுப்பார்கள்: சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. திரும்பிப் பார்க்காதே. யாரையும் தேடாதே.

டிராக் நடுவில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, மதினி குதித்துவிட்டார். அடுத்து என் பக்கத்துக் கதவு திறந்தது. என் பெல்ட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் என்னைத் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டார்.

பின்னால் வந்த கார் நூலிழையில் விலகிப் போனதாம். ஓட்டத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கறுப்புக் கொடி காட்டிவிட்டார்கள். டிராக்கில் இறங்கி ஓடியவருக்கு அன்றைக்கு மறுபடி அனுமதி கிடையாது, அதுதான் விதி. மதினி கெஞ்சிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும்போல் இருந்தது.

திரும்பும்போது மதுரை தாண்டியாயிற்று. நான்தான் கேட்டேன்.

"அப்படியே ஓடியிருக்கலாம்லா மதினி. ஏன் வண்டியச் சுத்தி வந்தீக?"

"பெல்ட்டு கழறாம மாட்டிக்கிட்டா நீ என்னட்டி செய்வ?" அவ்வளவுதான் சொன்னார்.

பொங்கலுக்கு முன்னால் காரை விற்றாயிற்று. இரண்டு வருஷத்தில் அண்ணனும் மதினியும் பிரிந்துவிட்டார்கள். காரணம் அவர்களோடு இருக்கட்டும். வீட்டில் மதினி பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே டிராக்குக்குத் தனியாகப் போயிருந்தேன். வாடகைக்கு ஸ்போர்ட்ஸ் கார், சொந்த ஹெல்மெட், கையுறை, எல்லாம் இருந்தது. பாதிச் சுற்றில் முன்னால் ஒரு கார் பட்பட்டென்று வெடித்தது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. முழுச் சுற்று ஓட்டி முடித்தேன். நல்ல டைம் என்று கைகொடுத்தார்கள்.

எனக்கென்னவோ சந்தோஷமே வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்...

மதினி, இப்போது உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உங்களை ரொம்பத் தேடுது.