விழிதியூர் மாடித் தொலைநோக்கி

விழிதியூரில் பொழுது சாய்கிறது. மாடியில் யாரும் தொடாமலே தொலைநோக்கி திரும்புகிறது. அதன் காலடியில், பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள், சீட்டுக்கட்டு அளவில் ஒரு மலிவுக் கணினி. அதைப் பாரீஸிலிருந்தே இயக்கித் தன் அண்ணன் விண்மீன்களைப் படம் எடுக்கிறார் என்கிறார் செல்வி. இங்கே நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் இவர்தான்.

இன்று வானம் முழுக்க மேகம். தொலைநோக்கியின் குழாய் மெல்லத் தாழ்ந்து, வயலுக்கு அப்பாலுள்ள வாய்க்காலை நோக்கி நிற்கிறது.

"ரிப்பேரா?" என்கிறேன்.

"இல்லைங்க. கடைமடைக்குத் தண்ணி வந்துடுச்சான்னு பாக்குறாரு."

"நீங்க போன்ல சொல்லலாமே?"

"நாத்து முத்திப்போகுது. தண்ணி வரலைன்னு தெனமும் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. அவரே பாத்துக்கட்டும்."

குழாய் அசையவில்லை. செல்வியும் அதன் பக்கத்தில் நின்று அந்த வாய்க்காலையே பார்க்கிறார்.