சம்பந்தியிடம் சொன்ன வருமானம்

இன்று காலை எங்கள் தோல் மண்டியில், என்னைப் பெற்ற அத்தாவின் பெருமையும் பணமும் நேருக்கு நேர் மோதின, நண்பர்களே.

அக்காவுக்கு வடமதுரையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம், முடிவாகாமல் இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுபவர்; இன்று மண்டிக்கு வந்திருந்தார்.

"உங்க வருமான வரி பாரத்தை நானே நிரப்பித் தாரேன் பாய். வருமானம் எம்புட்டு?" என்றார்.

"நாப்பது லட்சம்!" அத்தா தாடியைத் தடவினார்.

அது வருசம் முழுக்கத் தோல் விற்ற மொத்தப் பணம். அதற்கு வரி கட்டினால் மண்டியையே விற்க வேண்டும். குறைத்துச் சொன்னால் சம்பந்தம் போய்விடுமோ என்று அத்தா அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டார். சம்பந்தியும் அதையே பாரத்தில் எழுதப் போனார்.

நான் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல், "மாமா, பச்சைத்தோல் வாங்குனது, அதைப் பதப்படுத்துற சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கூலி எல்லாம் கழிக்க வேணாமா?" என்றேன்.

கழித்தார்கள். ஆறு லட்சம் நின்றது.

"இந்த நிகர வருமானத்துக்குத்தான் பாய் வரி" என்றவர் பெருமூச்சு விட்டார். "நாப்பது லட்சம்னதும், நமக்குத் தோதுப்படாத பெரிய இடம்னு கெளம்பப் பாத்தேன். இதுதான் நம்ம அளவு. நிக்காஹ் தேதி பாப்பமா?"

அத்தா இன்னும் என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் வீட்டில் சம்பந்தம் பேசியபோது எந்த வருமானத்தைச் சொன்னார்கள்? மறைக்காமல் எழுதுங்கள், நான் வரி கேட்க மாட்டேன்.