யாரும் அனுப்பாத சத்தம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் படிப்பு இல்லை, வாய். விரிப்பில் கறை போகவில்லை என்று வார்டிலிருந்து திருப்பி அனுப்பினால் போதும். கறை எப்போது பட்டது, ஊற வைக்காமல் மூட்டை கட்டியது யார் என்று குறுக்கு விசாரணை நடத்தி, வந்தவனைத் திணறடித்துவிட்டுத்தான் துணியைத் திரும்ப வாங்குவாள். இவ்வளவு வாய் உள்ளவள் மகளின் பள்ளிக்கூடத்தில் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தாள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மூடநம்பிக்கை.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுப் பயனில்லை என்பதற்காகக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பள்ளியில் அவளுக்கென்று ஒரு சைகை டீச்சர் இருந்தார். வகுப்பில் பேசுவதையெல்லாம் கையால் சொல்லித் தருவார். அவர் வந்த பிறகுதான் பிள்ளை ஏன், எதற்கு என்று கேள்வி கேட்கவே ஆரம்பித்தது.

ஒரு நாள் தலைமையாசிரியை வக்கீலம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்ல சேதிம்மா. காது டெஸ்ட்ல உங்க பொண்ணு பாஸ். ஒவ்வொரு சத்தத்துக்கும் டக்கு டக்குன்னு கையத் தூக்கியிருக்கா. இனிமே சைகை டீச்சர் எதுக்கு? எல்லாரோடயும் உக்காந்து காதாலயே படிக்கட்டும். இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

அவளால் நம்ப முடியவில்லை. முந்தின நாள் சாவியை மறந்துவிட்டு வெளியே நின்று கை வலிக்கக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஜன்னல் வழியே பார்த்தால் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகப் படம் வரைந்துகொண்டிருந்தது. அப்படியானால் அந்தப் பரிசோதனை அறையில் உட்கார்ந்து கேட்டது யார்?

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று தப்பித்து வந்தாள்.

நாத்தனார் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்றைக்கு வந்தது.

"கையெழுத்து போடாதீங்க அண்ணி. உங்க சம்மதம் இல்லாம பிள்ளையோட படிப்புத் திட்டத்த மாத்த முடியாது. டெஸ்ட்டு மேல சந்தேகம்னா திரும்ப எடுக்கச் சொல்லலாம், கூட உக்காந்து பாக்கணும்னு கேக்கலாம். முடிவாகற வரைக்கும் சைகை டீச்சர் இருந்துதான் ஆகணும். சட்டமே அதான்."

"அவங்க கோவிச்சுக்கிட்டா?"

"ஊரான் கறைத் துணிக்குச் சண்டை போடுறீங்க. பெத்த பிள்ளைக்குப் போட மாட்டீங்களா?"

சுருக்கென்று தைத்தது. மறுநாளே போய்க் கேட்டாள். தலைமையாசிரியை முகம் சுளித்தாலும் மறுக்க முடியவில்லை.

பரிசோதனை அறையின் சுவரெல்லாம் கறுப்பு மெத்தை. கதவு மூடியதும் வெளியுலகம் அணைந்துவிட்டது. நாளெல்லாம் சலவை இயந்திர இரைச்சலில் கிடக்கிறவளுக்குத் தன் எச்சில் இறங்கும் சத்தமே வேறு யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது. பிள்ளை காதில் ஹெட்போனோடு கண்ணாடித் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண், மெஷின் முன்னால். இவள் பிள்ளைக்குப் பின்னால், சுவரோரமாக.

சின்னக் கை உயர்ந்தது. இறங்கியது. மறுபடி உயர்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய தாய்க்கு முதுகு சில்லிட்டது.

திடீரென்று அந்தப் பெண் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"மெஷின் ஓடவே இல்லம்மா. ஒயர் கழண்டு கிடக்கு."

"அப்ப இவ எதக் கேட்டா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை அவளைப் பார்த்தது. மெதுவாகக் கையைத் தூக்கியது.

வக்கீலம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம்தான் விளங்கியது.

"பட்டனை அமுக்கும்போது இப்படித்தான் உதட்டக் கடிக்கிறீங்களா? அதப் பாத்துத்தான் தூக்குறா. நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஒயர மாட்டி, முதல்லேருந்து எடுங்க. கேக்க எனக்கு உரிமை இருக்கு."

நாற்காலி திரும்பியது. இப்போது பிள்ளைக்கு எதிரே கண்ணாடி இல்லை, அம்மாதான் இருந்தாள். அம்மாவுக்கோ கண்ணாடி வழியே அந்தப் பெண்ணின் விரல் பட்டனுக்குப் போவது நன்றாகத் தெரிந்தது. விரல் போனது. பிள்ளையின் கை உயர்ந்தது. அவளுக்குப் பகீரென்றது. இமையா, மூச்சா, தன் முகத்தில் எது அசைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் உதட்டில் இருந்த பேய் இப்போது இவள் முகத்தில் ஏறிக்கொண்டது.

முகத்தைக் கல்லாக்கிப் பார்த்தாள். பிள்ளை அதிலும் எதையோ படித்துக் கையைத் தூக்கியது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினாள். நமக்கு அது வெறுமனே கண்ணை மூடுவது. கையால் பேசுகிற பிள்ளைக்கு அது பேச்சின் நடுவே கதவை அறைந்து சாத்துவது. எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த வீட்டில் அதை யாரும் செய்ததில்லை.

இருட்டு. சத்தமும் இல்லை. செத்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு சில்லென்ற விரல்கள் அவள் கன்னத்தைத் தடவி, இமையைப் பிடித்து மேலே இழுத்தன.

பிள்ளையின் முகம் மூச்சுப் படும் தூரத்தில் இருந்தது. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

கதவருகே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். "பெரிய சத்தம் வரைக்கும் வச்சுப் பாத்துட்டேம்மா. நீங்க கண்ண மூடினப்புறம் ஒண்ணுக்குக்கூடத் தூக்கல. சைகை டீச்சர் கட்டாயம் வேணும்னு நானே எழுதித் தர்றேன்."

வழக்கு ஜெயித்தது. ஆனால் பிள்ளையின் கைகள் பேசிக்கொண்டிருந்தன.

"எப்பத் தூக்கணும்னு சொல்லும்மா. நான் சரியாத் தூக்குறேன்."

"தூக்க வேண்டாம் கண்ணு" என்று கையால் சொன்னாள். "கேக்கலன்னா தூக்க வேண்டாம். கேக்கலன்னு சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

பிள்ளை நம்பவில்லை. அம்மாவின் புருவம், கண், உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு "கேக்கல" என்று கையால் சொல்லிவிட்டு, அதுதான் சரியான பதிலா என்று மறுபடியும் அம்மாவின் முகத்தில் தேடியது.